சர்க்கரைக்கு ஒரு படிகாரம்

1954ஆம் ஆண்டில் இந்த நாட்டின் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. மருந்துகளையும் மந்திரத் தீர்வுகளையும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுப்பதற்கான சட்டம். அட்டவணையில் கண்ட நோய்களைத் தீர்க்கும், தணிக்கும், தடுக்கும் என்று சொல்லி எந்த மருந்தையும் எவரும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. அட்டவணையில் நீரிழிவு இருக்கிறது. ‘எந்த’, ‘எவரும்’ என்ற சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று, வருவாய்த் துறையில் காலமெல்லாம் வேலை பார்த்துச் சிரஸ்தாராக ஓய்வு பெற்ற எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மருத்துவர் தன் வைத்தியசாலை வாசலில் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். நான் சொல்லப்போகிற ஆள் பதிவு பெற்ற மருத்துவன் இல்லை. பதிவு பெறாத மருத்துவன்கூட இல்லை. காஞ்சிபுரத்துக்கு வருவதற்கு முன்னால் மாடு நக்குவதற்கான தாது உப்புக் கட்டி விற்றுக்கொண்டிருந்தவன்.

ஆக, சட்டம் இருந்தது. அது யாருடைய மேசையில் இருந்தது என்பதுதான் கேள்வி. அந்த மேசையைத் தேடி நான் அலைந்த மாதங்களில் என் தங்கையின் கணவருடைய வலது கால் கெட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை பிள்ளையார்பாளையத்தில் சாயக்காரர். நெசவாளர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றித் தருவது அவர் தொழில். வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகை. அதில் இரண்டு செப்பு அண்டாக்கள், எப்போதும் எரியும் அடுப்பு, எப்போதும் ஈரமான தரை. அந்த ஈரத்தில் காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் செருப்பில்லாமல் நின்று வேலை செய்வார். முழங்கை வரைக்கும் கணுக்கால் வரைக்கும் அவருக்குச் சொந்த நிறம் என்று ஒன்று கிடையாது. அரக்குச் சிவப்பு அதிகம் கேட்கிற முகூர்த்த மாதங்களில், நலங்கு வைத்த கல்யாணப் பெண் போகிறாள் பார் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவரும் புடவை கட்டியவர் மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டுவார்.

நாற்பதைத் தாண்டியதும் அவருக்குச் சர்க்கரை வந்தது. ஊரில் எல்லோரும் பாய் டாக்டர் என்று அழைத்த ஒரு நல்ல மருத்துவர் பார்த்தார். தினமும் விழுங்க மாத்திரை, சோற்றில் பாதி, வெல்லம் கூடாது. வீட்டிலேயே செய்துகொள்ளும்படி ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறத்துக்குப் போனால் உடனே வந்து பார்க்கணும். இந்த நிறங்களை அச்சடித்த ஓர் அட்டையையும் டாக்டர் கொடுத்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இன்னா மச்சான் இது, அஞ்சு கலர்தான் போட்டுக்கீறாரு. நடுவுல இருக்குறதெல்லாம் யாரு பாக்குறது?”

அன்றிலிருந்து சோதனை கொட்டகையிலேயே நடந்தது. சமையல் கட்டுப் பக்கம் அந்தக் குழாயைக் கொண்டுவரக் கூடாது என்று என் தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் போகும்போதெல்லாம் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

“இது இன்னா கலர், சொல்லுங்க பாக்கலாம்.”

“பச்சை.”

“பச்சைன்னா? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, எலப்பச்சையா? கலெக்டர் ஆபீஸ்ல பச்சை மையில கையெழுத்து போட்டவருக்கு இது தெரிய வேணாமா?”

“பச்சை மையில போடுறவர் உள்ள உக்காந்துக்கினு இருப்பார் மாப்ளே. நான் வெளிய நின்னவன்.”

“அதான் தெரியல. கிட்ட வந்து பாருங்க. கிளிப்பச்சைக்கு ஒரு பிடி மஞ்சள் கம்மி.”

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. மாத்திரையும் பாதிச் சோறும் தம் வேலையைச் செய்தன. குழாய் பச்சையைத் தாண்டவில்லை. டாக்டருக்குத் திருப்தி, மாப்பிள்ளைக்கு விளையாட்டு, தங்கைக்கு நிம்மதி.

1972 பங்குனி உத்திரக் கூட்டத்தோடு கூட்டமாக அந்த ஆள் வந்து சேர்ந்தான். தேரடிக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தான். கோட்டுப் போட்டிருந்தான், கோட்டின் பையில் நாலு பேனா. சுவர் முழுவதும் ஆளுயர எழுத்தில் எழுத வைத்தான்: சர்க்கரை நோயா? மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், தாது உப்பு போதும். மேலே நான் சொன்ன மூன்றாம் பிரிவை ஒரு சுவரில் படமாகப் போட்டு, இதைத்தான் செய்யக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தாலும் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. அந்தச் சுவரைக் கடந்துதான் நகராட்சியின் சுகாதார அலுவலர் தினமும் அலுவலகம் போவார். அவருக்குப் படிக்கத் தெரியும் என்பது என் நம்பிக்கை.

நான் போய் நின்று கேட்டேன். அவன் பேச்சு இது:

“அண்ணே, இந்த உடம்பு எதால ஆனது? தாதுவால ஆனது. இரும்பு இருக்குது, துத்தநாகம் இருக்குது, செம்பு இருக்குது, மக்னீசியம் இருக்குது. இதெல்லாம் இருந்தாத்தான் நீங்க சாப்பிடுற சர்க்கரையை உடம்பு பிடிச்சி வைக்கும். தாது கொறஞ்சா? பிடிச்சி வைக்க ஆளில்ல. நிக்காம ஓடுது. ஓடுறதை மாத்திரை போட்டு அடைக்கப் பாக்குறாங்க டாக்டருங்க. நான் பிடிச்சி வைக்கிற ஆளை உள்ள அனுப்புறேன்.”

என் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். தொழில் விஷயத்தில் ஏதோ பிடிபட்டவர் முகம் அது.

திரும்பி நடக்கும்போது அவர்தான் எனக்கு விளக்கினார். “மச்சான், எங்கப்பா காலத்துல அரக்குக் கட்டணும்னா முதல்ல பட்டு நூலைப் படிகாரத் தண்ணில ஊற வெப்பாங்க. ஏன்னு தெரியுமா? படிகாரம் இல்லன்னா சாயம் பட்டுல ஒக்காராது. அலசுனா ஓடிப் போயிடும். எவ்ளோ நல்ல சாயமா இருந்தாலும் ஓடிப் போயிடும். அதுக்குப் பட்டைக் கொற சொல்வாங்களா, சாயத்தைக் கொற சொல்வாங்களா? படிகாரக் காரம் பத்தலன்னுதான் சொல்வாங்க.”

“அதுக்கும் உங்க சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?”

“இன்னா மச்சான் இப்டி கேக்குறீங்க. சர்க்கரை ஒடம்புல ஒக்காராம ஒண்ணுக்குல ஓடுது. டாக்டரு இன்னா சொல்றாரு? சர்க்கரை போடாத, சோறு தின்னாதன்றாரு. சாயம் ஓடுதுன்னா சாயமே போடாதன்னு சொல்ற மாதிரி. இந்தாளு காரம் போடுன்றான்.”

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் சிரிக்கவில்லை. படித்தவன் செய்கிற தப்பு இல்லை அது, படிக்காதவன் செய்கிற தப்பும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பட்டுக்குச் சாயம் ஏற்றினவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவருக்குத் தெரிந்த ஒரே ரசாயனம் அது. அவர் கண்ணெதிரில் ஒவ்வொரு நாளும் அது உண்மையாகிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுக்காரன் எங்கள் ஊரைத் தேடி வந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. ஆனால் வந்த இடத்தில் அவன் சரக்குக்குக் கேட்காமலே வழி திறந்திருந்தது. பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேருக்கு அவன் பேச்சு அண்டாவிலிருந்து வந்த பேச்சாகவே காதில் விழுந்தது.

நான் வாதாடிப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள், உப்பு வேண்டுமானால் கூடவே சாப்பிடுங்கள் என்றேன். கோட்டுக்காரன் அதற்கும் வழி சொல்லியிருந்தான்: மாத்திரை இருந்தால் தாது உள்ளே ஏறாது.

“ரெண்டு காரம் ஒரே அண்டால போட்டா பட்டு வீணாயிடும் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. மாத்திரைப் புட்டி தங்கையின் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் போயிற்று.

உப்பைச் சாப்பிடும் விதிமுறை ஒன்று உண்டு. காலையில், நடுப்பகலில், மாலையில், படுக்கப் போகும்போது ஒரு சிட்டிகை வாயில் போட்டு, ஒவ்வொரு முறையும் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தாது உடம்பெல்லாம் பரவுவதற்கு என்றான். அந்த உப்பு வாயில் வைத்தாலே நாக்கு வறண்டுவிடும். விதி சொல்லாவிட்டாலும் தண்ணீர் கேட்கும். சித்திரை வெயில் வேறு. மாப்பிள்ளை குடிப்பதும் கொல்லைப் பக்கம் போவதுமாக இருந்தார்.

மாத்திரை நின்ற புதிதில் குழாய் ஒரு தடவை செங்கல் காட்டியது. பிறகு ஆரஞ்சு. பிறகு மஞ்சள். சித்திரை முடிவதற்குள் பச்சை. ஒரு நாள் விடியற்காலையில் கொட்டகைக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டு, “பாருங்க, மயில்கழுத்து,” என்று காட்டினார். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம். மாத்திரை சாப்பிட்ட காலத்தில்கூட அது வந்ததில்லை. அந்தக் குழாயை அவர் துண்டில் சுற்றித் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பட்டு வேலை செய்கிறவர்கள் வாயால் சொல்வதை நம்ப மாட்டார்கள். கண்ணால் பார்த்த நிறத்தை நம்பாமல் இருக்கவும் மாட்டார்கள். ஓரிக்கையிலிருந்தும் முசரவாக்கத்திலிருந்தும் தேரடிக்கு ஆட்கள் பஸ் ஏறி வரத் தொடங்கினார்கள்.

நான் மனு எழுதினேன். மனு எழுதுவது எப்படி என்று இந்த மாவட்டத்தில் சிலருக்குத்தான் தெரியும், அவர்களில் நான் ஒருவன். பொருள், பார்வை, சட்டப் பிரிவு, அட்டவணை, சுவரின் இருப்பிடம், விளம்பரத்தின் முழு வாசகம், உப்புப் பொட்டலம் ஒன்று இணைப்பு. நகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்த எழுத்தர் இளைஞர். பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்.

“உப்புதானே சார் இது. உப்பு உணவுப் பொருள். உணவு ஆய்வாளர்கிட்டதான் போகணும்.”

“சர்க்கரை நோய் தீரும் என்று சுவரில் எழுதியிருக்கிறதே தம்பி.”

“சுவர்ல எழுதுனதுக்கு நாங்க வரி வாங்கிட்டோம் சார். விளம்பர வரி. ரசீது இருக்குது.”

சட்டப்படி செய்யக் கூடாத ஒரு விளம்பரத்துக்குச் சட்டப்படி வரி வசூலித்து ரசீது கொடுத்திருந்தார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை அந்த இளைஞர் மேல் காட்டவில்லை. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள்.

உணவு ஆய்வாளர் நல்ல மனிதர், காப்பி வாங்கிக் கொடுத்தார். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, “நோய்க்குன்னு போட்டுட்டானே சார், அப்ப இது மருந்து. நான் தொட முடியாது,” என்றார். மருந்துக்கு அதிகாரம் சென்னையில் ஓர் அலுவலகத்துக்கு. அங்கே பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து யாருடையது என்று தெரியாத கிறுக்கல். ஒரு மனு வந்து சேர்ந்தால் அதற்கு நடப்பு எண் கொடுத்து, இன்ன எழுத்தரிடம் இருக்கிறது என்று மனுதாரருக்கு இடைக்காலப் பதில் தர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட விஷயம் அது. எண்ணும் வரவில்லை, பதிலும் வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாவதில் முதலாவதைப் பார்வையாகக் காட்டினேன். அந்தப் பார்வையை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வைகாசியில் முகூர்த்தங்கள் நெருங்கி, சாயக் கொட்டகையில் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை. ஒரு நாள் அண்டாவிலிருந்து நூல் தொங்கிய கழியைத் தூக்கும்போது கை நழுவி, கொதிக்கிற அரக்குத் தண்ணீர் மாப்பிள்ளையின் வலது பாதத்தில் கொட்டியது. பக்கத்தில் இருந்த தங்கைதான் அலறினாள். அவர் காலைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்தார்.

அன்று மாலை நான் போனபோது காலை நீட்டிக் காட்டினார். “சுடவே இல்ல மச்சான். ஒரு சுரீர் இல்ல. உப்பு உள்ள எறங்கி ஒடம்பு இரும்பாட்டம் ஆயிட்டுது.”

“டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“இன்னான்னு காட்டுறது? வலிக்கலன்னா?”

கருடசேவைக் கூட்டத்தில் கோட்டுக்காரன் மேடை போட்டான். மாப்பிள்ளையை அதன்மேல் ஏற்றி நிற்க வைத்தான். “பாருங்க தாய்மாரே, கொதிதண்ணி கொட்டுன காலு. கொப்புளம் தெரியுதா? வலி தெரியுதா அண்ணே உங்களுக்கு?” என்றான். “தெரியல,” என்றார் மாப்பிள்ளை உண்மையாக. கூட்டம் அவருடைய சிவப்புப் பாதத்தைப் பார்த்தது. கொப்புளம் தெரியவில்லைதான். எப்படித் தெரியும்? கணுக்கால் வரைக்கும் அரக்கு. தோல் சிவந்திருப்பதும் சாயம், தோல் கருத்திருப்பதும் சாயம். ஊரில் வேறு எவன் காலிலாவது கொட்டியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்திருக்கும் புண், அவர் காலில் மட்டும் தொழிலின் நிறத்துக்குள் ஒளிந்துகொண்டது. அந்த மேடையை நான் எட்ட நின்று பார்த்தேன். பக்கத்தில் பந்தோபஸ்துக்கு நின்ற காவலரிடம் மூன்றாம் பிரிவைச் சொன்னேன். கருடசேவை முடியட்டும் சார் என்றார்.

ஆனி பிறந்ததும் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“ண்ணா, அவரு கால்கிட்ட வாடை வருது. சாயத் தண்ணி வாடைன்றாரு. சாயத் தண்ணி வாடை எனக்குத் தெரியாதா? நீ வந்து சொல்லு.”

நான் போய்ச் சொல்லவில்லை. வண்டி வைத்து நேரே பாய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை கையில் அன்றைய குழாயையும் எடுத்துக்கொண்டார். பச்சை.

டாக்டர் குழாயைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தார். ஒரு குண்டூசியை எடுத்து அடிப்பாதத்தில் இங்கும் அங்கும் குத்தினார். மாப்பிள்ளை முகத்தில் ஓர் அசைவும் இல்லை. டாக்டர் மண்டியிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“சர்க்கரையால நரம்பு செத்திருக்கு. எத்தனை நாளா மாத்திரை இல்லை?”

“பங்குனியிலேர்ந்து,” என்றாள் தங்கை.

“கலரு நல்லாத்தான் இருக்குது டாக்டரு,” என்று மாப்பிள்ளை குழாயை நீட்டினார்.

“தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?”

“பானை பானையா குடிக்கிறாரு,” என்றாள் தங்கை.

டாக்டர் நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. “நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க சொல்லுங்க. ஒரு பிடி சாயம். அதை ஒரு குடம் தண்ணில கரைச்சா ஒரு கலர். அதே ஒரு பிடியைப் பத்துக் குடம் தண்ணில கரைச்சா?”

“வெளுத்துடும்.”

“சாயம் குறைஞ்சிடுச்சா?”

மாப்பிள்ளை கையில் இருந்த குழாயைப் பார்த்தார். பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், டாக்டரைப் பார்த்து அல்ல: “சாயம் அப்டியேதான் இருந்திருக்குது மச்சான். தண்ணிதான் கூடிப்போச்சு.”

குழாயை மெதுவாகத் தரையில் வைத்தார். அதன் பிறகு அவர் அந்தச் சோதனையைத் தானே செய்து நான் பார்க்கவில்லை.

நான் கொண்டுபோயிருந்த பொட்டலத்து உப்பை டாக்டர் நாக்கில் வைத்துப் பார்த்தார். கல் உப்பும் பேதி உப்பும் இருக்கலாம் என்று அவர் ஊகம். “மக்னீசியம் இருக்குன்னு அவன் சொன்னது பொய் இல்ல. பேதி உப்புன்னா அதுதான்,” என்றார். நான் விடாமல் கேட்டேன்: தாதுவுக்கும் சர்க்கரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதா? அவர் நியாயமானவர், இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை. துத்தநாகம், மக்னீசியம், குரோமியம் எல்லாம் உடம்புக்குத் துளித்துளியாகத் தேவைதான், அவை குறைந்தால் சர்க்கரை விஷயத்திலும் குறை வருமா என்று வெளிநாட்டில் ஆராய்கிறார்கள், முடிவு இன்னும் தெரியவில்லை என்றார். “குறைஞ்சவங்களுக்குக் கொடுக்கலாம் ஐயா. குறைஞ்சிருக்கான்னு பாத்துட்டுக் கொடுக்கணும். மாத்திரையோட சேத்துக் கொடுக்கலாம். மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல இதை வைக்கச் சொன்னவன் எவனா இருந்தாலும் அவன் கொலைகாரன்.”

அவர் பேசியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வாக்கியம்தான். அதை அப்படியே மூன்றாம் நினைவூட்டில் சேர்த்தேன்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பச்சையாக இருந்தது ரத்தத்தில் எவ்வளவு என்று அவர்கள் சொன்ன எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டவுடன் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள் என்று எழுதினால் போதும். ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். முதலில் இரண்டு விரல். அது நிற்கவில்லை. ஆடி மாதத்தில், வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். எடுத்த பிறகு மாப்பிள்ளை டாக்டர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஒற்றைக் காலில் அண்டா முன்னால் எவ்வளவு நேரம் நிற்கலாம்.

நான் சென்னைக்குப் போனேன். அந்த அலுவலகத்தின் பிரிவுக் கண்காணிப்பாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன்.

“பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்திருக்காரா?”

“அவர் கொடுக்க வேண்டியதில்லை. விளம்பரம் செய்தாலே குற்றம். யாரும் பாதிக்கப்படுவதற்கு முன்னாலேயே நீங்கள் நடவடிக்கை எடுக்கலாம். அதற்குத்தான் சட்டம்.”

“நீங்க டிபார்ட்மென்ட் ஆளா?”

“ரெவின்யூ. ஓய்வு பெற்றுவிட்டேன்.”

“அதான் பார்த்தேன்,” என்று சிரித்தார். “ரிட்டயர் ஆனவங்கதான் சார் ரூலைப் படிக்கிறாங்க. சர்வீஸ்ல இருக்கும்போது எங்களுக்கு நேரம் எங்க?”

“என் கோப்பு எங்கே?”

“சுற்றுல இருக்குது.”

கோப்பு சுற்றில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். யாரும் அதைத் திறக்கவில்லை, யாரும் அதைத் தொலைக்கவும் இல்லை. கட்டிய நாடா அவிழாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். லஞ்சம் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். எல்லோரும் டீ குடித்துக்கொண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு காஞ்சிபுரத்துச் சாயக்காரனின் கால் அவர்கள் மேசையில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது அவர்கள் வேலை என்பதும் தெரியாது.

ஆவணியில் கோட்டுக்காரன் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். யாரும் விரட்டவில்லை. மாப்பிள்ளையின் கால் போன செய்தி ஊரில் பரவி, வியாபாரம் படுத்துவிட்டது. திண்டிவனம் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கே மூட்டுவலிக்கு விற்கிறானாம். தேரடிச் சுவரில் எழுத்து மட்டும் மேலும் கொஞ்ச காலம் இருந்தது. அதை அழித்தது சட்டம் இல்லை, ஒரு சோப்புக் கம்பெனி. அதே சுவரை வாடகைக்கு எடுத்து மேலே வெள்ளையடித்தார்கள். நகராட்சி அதற்கும் ரசீது கொடுத்திருக்கும்.

ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார். அரசுப் பணி முத்திரை. நான் அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் அடுப்பு எரியவில்லை. மாப்பிள்ளை கக்கத்தில் கட்டையை வைத்து முற்றத்தில் நடை பழகிக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் இருந்த கடிதத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்: தங்கள் மனு கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதற்கு, மேற்படி பொருளை உபயோகித்த நபர், பிரிக்கப்படாத பொட்டலம் ஒன்றுடன், அலுவலக வேலை நேரத்தில் மூன்றாவது மாடியில் உள்ள பிரிவுக்கு நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வரத் தவறினால் புகாரில் அவருக்கு அக்கறை இல்லை என்று கருதிக் கோப்பு முடித்துவைக்கப்படும்.

மாப்பிள்ளை கட்டையை ஊன்றி நின்று கேட்டார்.

“மூணாவது மாடியா?”

“ஆமாம்.”

“லிஃப்ட் இருக்குதா?”

“இருக்குது. நான் போன அன்னைக்கு ஓடல.”

“ஏறலாம் மச்சான். ஒவ்வொரு படியா ஏறலாம். எனக்கு இன்னா வேலை இருக்குது இப்ப?” என்றார். உள்ளேயிருந்து தங்கை, யாரும் எங்கேயும் ஏற வேண்டாம் என்றாள்.

கடிதத்தின் தலைப்பில் தட்டச்சு செய்திருந்த தேதி ஒன்று, அனுப்பிய முத்திரையின் தேதி வேறொன்று. கையில் வந்த நாளைக் கடிதத்தின் ஓரத்தில் குறித்து, கீழே சுருக்கொப்பம் இட்டேன்: 1972ஆம் வருஷம் நவம்பர் மாதம் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.